மாத்திரையை விட்டால் ஆசை திரும்புமா?

கேள்வி: எனக்கு வயது 51. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. அம்மா இறந்த பிறகு தூக்கமே இல்லாமல், எதற்கெடுத்தாலும் அழுதுகொண்டிருந்தேன். மனநல மருத்துவர் எஸ்சிடலோப்ராம் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். எட்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். மனசு தெளிந்துவிட்டது. ஆனால் தாம்பத்திய ஆசை அடியோடு போய்விட்டது. அப்படியும் நெருங்கினால் எரிச்சல், வலி. உச்சம் என்பதே வருவதில்லை. கணவர் (57 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை) எதுவும் கேட்பதில்லை. டிவி பார்த்தபடி ஹாலிலேயே படுத்துவிடுகிறார். போன மாதம் நானாகவே நான்கு நாள் மாத்திரையை விட்டுப் பார்த்தேன். தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி இருந்தது. பயந்துபோய் மறுபடி போட்டுக்கொண்டேன். பேத்தி எடுத்த வயதில் இதை யாரிடம் போய்க் கேட்பது?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அந்தக் கரண்ட் உங்கள் பிரமை இல்லை. இந்த வகை மாத்திரையைச் சட்டென்று விட்டால் பலருக்கும் வருவதுதான்: தலைசுற்றல், சிடுசிடுப்பு, கெட்ட கனவு, தலைக்குள் சுரீர் என்று ஒரு ஷாக். மாத்திரைக்கு அடிமையாகிவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. மூளை பழகிக்கொண்ட மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், அவ்வளவே. 'சனி ஞாயிறு மட்டும் விட்டுப் பாருங்கள்' என்று யோசனை சொல்லும் தோழிகள் இருப்பார்கள், கேட்காதீர்கள். ஆசை வருமோ வராதோ, பழைய அழுகை திரும்பிவிடலாம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தொல்லைகள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. எரிச்சலும் வலியும் மெனோபாஸ் கணக்கில் வரும். உச்சம் எட்டாததும், மனசு தெளிந்த பிறகும் ஆசை எழாததும் பெரும்பாலும் மாத்திரை கணக்கில். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, போக வேண்டிய டாக்டரும் வேறு.

மாத்திரையை எடுத்துக்கொள்வோம். மூளையில் உள்ள செரடோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டித்தான் அது மனதின் பாரத்தைக் குறைக்கிறது. அதே செரடோனின் கூடும்போது ஆசை, கிளர்ச்சி, உச்சம் மூன்றும் மந்தமாகலாம். அடிக்கடி வரும் பக்கவிளைவு, ஆனால் நம் ஊரில் டாக்டரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை. 'தூக்கம் வருதா, பசிக்குதா?' என்று கேட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். எனவே வீட்டிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: 'மாத்திரை ஆரம்பித்த பிறகு தாம்பத்திய ஆசை இல்லை, உச்சம் வருவதில்லை. இதற்கு வழி வேண்டும்.' வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டை மேசையில் வையுங்கள். நான்கு நாள் விட்டதையும் மறைக்க வேண்டாம். அளவைக் குறைக்கலாமா என்று அவர் பார்ப்பார். அல்லது இந்தத் தொல்லை குறைவாக உள்ள புப்ரோபியான், மிர்டாஸபின் போன்ற வேறு மருந்துக்கு மெல்ல மாற்றுவார். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. பழைய கதையெல்லாம் சொல்லிவிடுங்கள். மெனோபாஸில் உடம்பெல்லாம் குப்பென்று சூடேறுமே, அதைக்கூட எஸ்சிடலோப்ராம் சிலருக்குக் குறைக்கும். மருந்தை மாற்றியதும் அந்தச் சூடு தலைகாட்டினால் குழம்பாதீர்கள்.

அடுத்து வலி. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து, ஈரம் வற்றிவிடுகிறது. சூடேறுவது நாளடைவில் பலருக்குத் தணியும். இந்த வறட்சி தானாகத் தணிவது அரிது. அங்கே சோப்பு, வாசனைத் திரவம் போட்டுக் கழுவுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள், வெறும் தண்ணீர் போதும். உறவின்போது வழவழப்புக்குத் தண்ணீர் சார்ந்த லூப்ரிகண்ட் ஜெல் தடவிக்கொள்ளுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். மகன் வயதுப் பையன் கடையில் நிற்கிறான் என்றால் ஆன்லைனில் வாங்குங்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால், உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீமை மகப்பேறு மருத்துவர் எழுதித் தருவார். பொதுவாக இரண்டு வாரம் தினமும் இரவில், அப்புறம் வாரம் இரண்டு முறை. பலன் தெரியச் சில வாரம் ஆகும். 'ஹார்மோனா!' என்று பதற வேண்டாம், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரையும் கேட்ட பிறகே தொட வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் கிரீமைப் பற்றி யோசிக்காமல் உடனே காட்டுங்கள்.

வலி தீரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு 'கடமை' செய்யாதீர்கள். வலிக்கும் என்று தெரிந்த உடம்பு முன்கூட்டியே இறுகிக்கொள்ளும். இறுகினால் இன்னும் வலிக்கும். தொட்டுக்கொள்வது, முதுகு பிடித்துவிடுவது என்று அதோடு நிற்கும் இரவுகளும் இருக்கட்டும். பந்தியில் உட்கார்ந்த பிறகு பசி எடுப்பவர்கள் உண்டல்லவா? இந்த வயதில் பல பெண்களுக்கு ஆசையும் அப்படித்தான். முன்கூட்டி வராது, இதமாக ஆரம்பித்தால் பின்னால் வரும். வராத நாளில் எழுந்துவிடவும் உங்களுக்கு உரிமை உண்டு.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம் ஹால் சோபாதான். அவர் உங்கள் மேல் கோபத்தில் படுத்திருக்கிறார் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. பத்து வருடச் சர்க்கரை ஆண்களின் விறைப்பை நன்றாகவே பாதிக்கும். அவர் வாய்திறக்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். 'அவளுக்கும் இஷ்டமில்லை, நல்லதாகப் போயிற்று' என்று டிவிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் கணவர்கள் எத்தனையோ பேர். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம்; கேட்டால்தான் தெரியும்.

படுக்கையில் இதைப் பேசாதீர்கள். மாலையில் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்த மாத்திரையாலதான் எனக்கு இப்படி இருக்கு, உங்களைப் பிடிக்காம இல்ல. டாக்டர்கிட்ட கேக்கப் போறேன். நீங்களும் வர்றீங்களா?' என்று மட்டும் கேளுங்கள். அவர் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. அடுத்த முறை அவருடைய சர்க்கரை டாக்டரிடம் போகும்போது அந்த பெஞ்சில் நீங்கள் உட்காரலாம்.