உருமாறும் உடைகளை எப்படிக் காட்சிப்படுத்துவது?

வணக்கம். பையாக மாறும் உங்கள் ஐந்து பாவாடைகளும் பொம்மையில் மாட்டினால் உயிரற்றுத் தெரிகின்றன, ராம்ப்பில் நடந்தால் மாற்றம் யார் கண்ணிலும் படுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ராம்ப்பை விட்டுவிடுங்கள். இந்த உடைக்கு வேண்டியது நிதானம்.

ஆடை வடிவமைப்பாளர் ஹுசைன் சலாயனின் 'ஆஃப்டர்வேர்ட்ஸ்' ஆடைக்காட்சியின் காணொளியைத் தேடிப் பாருங்கள். 2000இல் லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் நடந்தது. மேடையில் ஒரு வீட்டின் வரவேற்பறை. பெண்கள் வந்து நாற்காலி உறைகளைக் கழற்றி உடையாக அணிகிறார்கள். நாற்காலிகள் பெட்டிகளாக மடிகின்றன. கடைசியில் ஒருவர் வட்டமான மர மேசையின் நடுவில் கால்வைத்து, அதை இடுப்புவரை இழுக்கிறார். மேசை அடுக்கடுக்காக விரிந்து பாவாடையாகிறது. சலாயன் சைப்ரஸில் பிறந்தவர். வீட்டை விட்டுத் திடீரென்று வெளியேற நேர்ந்த மக்களின் நிலைதான் அதற்கு அடிப்படை. காரணம் இருப்பதால் அது வெறும் வித்தையாகத் தெரிவதில்லை. உங்கள் பாவாடை ஏன் பையாக வேண்டும்? முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

அப்புறம், ஐந்தையும் மாற்றிக் காட்ட வேண்டாம். விக்டர் அண்ட் ரோல்ஃப் என்ற வடிவமைப்பாளர் இணை 1999இல் ஒரே மாடலைச் சுழலும் மேடையில் நிறுத்தி, தாங்களே ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திவிட்டார்கள். நீங்களும் ஒரு உடையை உங்கள் கையாலேயே மெதுவாக மாற்றுங்கள், பார்வையாளர்கள் சுற்றி நிற்கட்டும். மற்ற நான்கையும் வெவ்வேறு கட்டங்களில் பாதி விரிந்தபடி நைலான் நரம்பில் தொங்கவிடலாம். மடிப்பு திரும்பும் இடங்களில் இரட்டைத் தையல் போடுங்கள். ஒத்திகையில் முதலில் கிழிவது அங்கேதான்.