ரத்தப்புழுவைத் தவிர எதையும் தொடாத பஃபர்: வாசகர் கேள்வி – பதில்

பேத்தை மீன் இனத்தில் வீட்டுத் தொட்டிகளில் வளர்பவற்றைப் பலரும் பஃபர் என்றே அழைக்கிறார்கள். இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அவற்றின் சாப்பாட்டுப் பிடிவாதம் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஃபிகர் எய்ட் பஃபர் 6 செ.மீ. நீளம் இருக்கும். எட்டு மாதமாக உறைந்த ரத்தப்புழு (கொசு போன்ற ஒரு பூச்சியின் சிவந்த இளம்புழு) மட்டுமே சாப்பிடுகிறது. இறால், நத்தை எது போட்டாலும் கவ்விப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுகிறது. பட்டினி போடவும் மனம் வரவில்லை. எப்படிப் பழக்குவது?

முதலில் அது எப்படித் துப்புகிறது என்று கவனியுங்கள். அருகில் வந்து பார்த்து, லேசாகக் கவ்வி, உடனே விட்டுவிட்டுப் போனால் அது பிடிக்காததால். திரும்பத் திரும்பக் கடித்து, துண்டு வாயிலிருந்து நழுவி, மறுபடி வந்து கடித்தால் அதனால் மெல்ல முடியவில்லை. எட்டு மாதம் மெத்தென்ற ரத்தப்புழு மட்டுமே தின்ற மீன் என்பதால் இரண்டாவதற்கும் வாய்ப்பு உண்டு. மீன் உங்களை நேராகப் பார்க்கும்போது வாயைப் பாருங்கள். உதடுகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடாகப் பல் தெரிந்தால் சரி. பல் வெளியே நீட்டிக்கொண்டு வாய் மூடாமல் இருந்தால், கீழே பல் பற்றிய பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்; அதைச் சரிசெய்யாமல் எந்தப் பழக்கமும் பலிக்காது.

அடுத்து தண்ணீர். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். ஃபிகர் எய்ட் உவர்நீர் மீன். உப்பு அளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.005 அளவு நிற்கட்டும். தண்ணீர் சரியில்லாதபோது பசியைக் கருவியாகப் பயன்படுத்தினால் நோயில்தான் போய் முடியும்.

இரண்டும் சரியென்றால் பிரச்சினை பழக்கம்தான். வயிறு ஒட்டாத, நன்றாக நீந்தும் வளர்ந்த பஃபர் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. மூன்று நாளுக்கு மேல் நீட்டாதீர்கள். வயிறு உள்வாங்கிய மீனுக்கும் குட்டிகளுக்கும் இந்த முறையே கூடாது.

மூன்றாம் நாள் செய்ய வேண்டியது இது. ஒரு ரத்தப்புழுக் கட்டியைச் சின்னக் கிண்ணத்தில் உருகவிட்டு, புழுவை வடிகட்டி எடுத்துவிட்டு, சிவந்த சாற்றை வைத்துக்கொள்ளுங்கள். மசாலாவோ உப்போ சேராத பச்சை இறாலை 3, 4 மி.மீ. துண்டுகளாக நறுக்கி அந்தச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். பிறகு முனை மழுங்கிய நீளமான இடுக்கியால் ஒரு துண்டைப் பிடித்து, தண்ணீரின் நடு ஆழத்தில் வைத்து, நிறுத்தி நிறுத்தி அசைத்துக் காட்டுங்கள். பஃபர் கண்ணால் வேட்டையாடும் மீன். அசையாமல் அடியில் கிடப்பதை அது இரை என்று எண்ணுவதே அரிது. பிடிவாதம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

ஆசை வந்ததா என்பதை அதன் உடம்பே சொல்லும். தனித்தனியே சுழன்றுகொண்டிருந்த இரண்டு கண்களும் ஒரே நேரத்தில் முன்னால் குவியும். வால் ஒரு பக்கம் வளையும். துடுப்புகள் மட்டும் படபடக்க, உடல் அப்படியே நின்ற இடத்தில் நிற்கும். அந்த நொடியில் இடுக்கியை அசைக்காதீர்கள். அசைத்தால் மிரண்டு விலகும்.

பதினைந்து நிமிடத்தில் எடுக்கவில்லை என்றால் துண்டை வெளியே எடுத்துவிடுங்கள். ரத்தப்புழுவை உடனே போடாதீர்கள். அப்படிப் போட்டால், மறுத்தால் பிடித்தது வரும் என்று மீன் கற்றுக்கொள்ளும். மறுநாள் மறுபடி இறால். அதையும் மறுத்தால் அன்று பாதி ரத்தப்புழு, பாதி இறால் கலந்து கொடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் புழுவைக் கொஞ்சம் குறைத்து வாருங்கள். சில வாரங்கள் பிடிக்கும். வீட்டில் ஒருவர் பழக்க, இன்னொருவர் பாவப்பட்டுப் புழு போட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நத்தைக்கு வேறு வழி. ஓட்டைக் கொஞ்சம் நசுக்கி, சதை வெளியே தெரியும்படி மீனின் கண்முன் போடுங்கள். சதையின் ருசி பிடிபட்டால் முழு ஓட்டையும் தானே உடைக்கத் தொடங்கும்.

கேள்வி: நத்தைகளை வீட்டிலேயே வளர்க்க முடியுமா? எந்த வகை, எந்த அளவு?

முடியும், அதுதான் நல்லதும்கூட. குளம், வயல், வாய்க்காலில் பிடித்த நத்தையில் பூச்சிமருந்தும் ஒட்டுண்ணியும் இருக்கலாம். பிடித்துவந்த நத்தைகளை நேராகத் தீனியாகப் போடாமல், தனியே வளர்த்து அவை ஈனும் தலைமுறையைக் கொடுங்கள்.

ராம்ஸ்ஹார்ன், பிளாடர் ஆகிய இரண்டு வகைகளும் ஓடு மெல்லியவை, வேகமாகப் பெருகுபவை. 15, 20 லிட்டர் டப்பா ஒன்றும் அதில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும். இருபது நத்தைகளோடு தொடங்குங்கள். ஓடு பலமாக வளரக் கால்சியம் வேண்டும். கட்டைவிரல் அளவு கடல்நுரைத் துண்டு, அதாவது கணவாய் ஓடு, ஒன்றைப் போட்டுவையுங்கள். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்த கீரை, வெள்ளரித் துண்டு, கொஞ்சம் மீன் தீனி ஆகியவை அவற்றுக்குச் சாப்பாடு. மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். முதல் இரண்டு மாதம் ஒன்றையும் எடுக்காதீர்கள். அவசரப்பட்டு எடுத்தால் பெருக்கம் நின்றுபோய்ப் பழையபடி ரத்தப்புழுவுக்குத் திரும்புவீர்கள். பிறகும் பெரியவற்றை முட்டையிட விட்டுவிட்டு நடுத்தரமானவற்றை மட்டும் எடுங்கள். செம்பு கலந்த மருந்து எதுவும் அந்தத் தண்ணீரில் படக் கூடாது. நத்தை மொத்தமும் செத்துவிடும்.

அளவுக்கு நல்ல கணக்கு: உங்கள் மீனின் கண் எவ்வளவு பெரிதோ நத்தையும் அவ்வளவே. கூம்பு வடிவ டிரம்பெட் நத்தை சின்ன பஃபர்களுக்கு வேண்டாம். அதன் ஓடு மிகக் கடினம், பல் சில்லுப்போகும்.

கேள்வி: என் பஃபருக்குக் கல்லுமேக்காயும் மட்டியும் உயிர். ஓட்டோடு கொடுத்தால் பல்லும் தேயும் என்பதால் வாரம் முழுவதும் அதையே கொடுக்கிறேன். சரிதானே?

பல்லுக்குச் சரி, நரம்புக்குச் சரியில்லை. இவற்றில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது தயமின் என்னும் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும். இதையே மாதக்கணக்கில் தின்னும் மீன், பசி குறைந்து, தடுமாறி நீந்தி, வலிப்பு வரை போகக்கூடும். அறிகுறி மெதுவாக வருவதால் சாப்பாடுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. உறைய வைப்பது ஒட்டுண்ணிகளுக்கு எதிராக உதவும், தயமினேஸை அழிக்காது. சூடுதான் அழிக்கும். அதனால் வாரத்தில் ஒரு வேளை மட்டும் ஓட்டோடு பச்சையாகக் கொடுங்கள். மற்ற நாட்களில் நத்தை, மண்புழு, நண்டுக் கால் என்று மாற்றுங்கள். சில இறால் வகைகளிலும் இந்த நொதி உண்டு என்பதால் இறாலையும் தினசரி உணவாக்க வேண்டாம். நீரில் கரையும் மீன் வைட்டமின் துளிகள் கிடைத்தால், வாரம் இரண்டு வேளை தீனியை அதில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கொடுங்கள்.

மண்புழு எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. உரக்குழிகளில் வளரும் சிவப்பு வரிப்புழுவை அமுக்கினால் மஞ்சளாகக் கசப்பு நீர் விடும். பல மீன்கள் அதைத் துப்பிவிட்டு, அடுத்து நல்ல மண்புழுவையும் நம்பாது. மருந்து தெளிக்காத மண்ணில் கிடைக்கும் சாதாரண மண்புழுவை நன்றாக அலசி, நறுக்கிக் கொடுங்கள்.

தங்கமீன் குஞ்சு போன்ற உயிர்மீன் தீனி வேண்டவே வேண்டாம். தயமினேஸும் நோயும் சேர்ந்து வரும்.

கேள்வி: குருணைத் தீனிக்குப் பழக்கலாமா?

சில மீன்கள் பழகும், பல பழகாது. அதற்காக மீனைப் பட்டினி போட்டுப் போராட வேண்டியதில்லை. அதைவிட ஜெல் தீனி நல்லது: பலவற்றை ஒரே துண்டில் அடக்கலாம்.

100 கிராம் மட்டி, இறால், கணவாய்ச் சதையைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் வேகவைத்து ஆறவிட்டு, பொடியாக நறுக்குங்கள். கூழாக அரைத்தால் பஃபர் கடிக்கும்போது மாவாகக் கரைந்து தண்ணீர் கெடும். இனிப்பும் வாசனையும் சேராத ஜெலட்டின் 7 கிராம் எடுத்து 50 மி.லி. சுடுநீரில் கரையுங்கள், கொதிக்கவிட்டால் உறையும் தன்மை குறையும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் சதையையும், கடைசியாக வைட்டமின் துளிகளையும் சேருங்கள். வைட்டமினைச் சூட்டோடு சேர்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. தட்டில் அரை செ.மீ. கனத்துக்குப் பரப்பி, குளிர்பெட்டியில் உறையவிட்டு, கட்டம் போட்டு வெட்டி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

கேள்வி: எல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் பச்சைப்புள்ளி பஃபர் திடீரென்று நிறுத்திவிட்டது. பல் கொஞ்சம் நீண்டது போலவும் தெரிகிறது.

பஃபரின் பல் நான்கு தகடுகளாக இணைந்த அலகு. ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும்; ஓடு உடைத்துத்தான் தேயும். கொஞ்சம் நீண்டு, இன்னும் கடிக்க முடிகிறது என்றால் ஓட்டோடு உள்ள உணவைக் கூட்டுங்கள். வாய் மூடவே முடியவில்லை என்றால் மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவர் மயக்கம் கொடுத்துப் பல்லை வெட்ட வேண்டும். வீட்டில் கத்தரியோடு முயற்சிக்காதீர்கள். மயக்க அளவு தவறினால் மீன் திரும்பாது. காற்றில் தூக்கினால் காற்றை விழுங்கி உப்பிக்கொள்ளும். உள்ளே போன காற்றை வெளியேற்ற அது படும்பாடு பெரிது.

பல் சரியாக இருந்து, நன்றாகத் தின்றும் மெலிந்து, வெள்ளையாக நூல்போல் கழித்தால் குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். அதற்கும் மருத்துவர்தான்.

கேள்வி: 3 செ.மீ. கூட இல்லாத குட்டி பஃபருக்கு என்ன, எவ்வளவு, எத்தனை வேளை?

மிகச் சிறிய இனமான பட்டாணி பஃபரைச் சொல்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறோம். அதற்குத் தினம் ஒரு வேளை, வயிறு லேசாக உருளும் அளவுக்கு. பந்துபோல் ஆனால் அதிகம். ஒருநாள் சின்ன ராம்ஸ்ஹார்ன் ஒன்றிரண்டு, மறுநாள் ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் நுண்ணிறால்), அடுத்து டாஃப்னியா (நன்னீரில் வாழும் நீர்த்தெள்ளு), இடையில் ரத்தப்புழு நான்கைந்து என்று சுற்றிவரட்டும். உயிரோடு உள்ள டாஃப்னியாவைப் போட்டால் எவ்வளவு பிடிவாதக் குட்டியும் துரத்தாமல் இருக்காது. உறைந்த தீனிக்கு மாற்றும்போது உயிருள்ளதையும் உறைந்ததையும் பிப்பெட்டில், அதாவது சொட்டுக்குழாயில், சேர்த்து விடுங்கள். நடுத்தர மீன்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், ஃபஹாகா போன்ற பெரிய பஃபர் இனங்களுக்கு வாரம் இரண்டு மூன்று வேளை. மிச்சத்தை அரை மணி நேரத்துக்குள் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், முக்கியமாக உடைந்த நத்தைச் சதையை. ஓட்டுக்குள் ஒளிந்து அழுகுவது அதுதான்.