அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது, எப்படித் தயாராவது? பயிற்சி வகுப்பு கட்டாயமா?

நான் வகுப்பு எதற்கும் போகவில்லை. எனக்கும் மூன்று மாதம்தான் கிடைத்தது, அதில் முதல் ஐந்து வாரத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தேன். அந்தக் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

வாரம் ஒரு மாதிரித் தேர்வு எழுதினால் மதிப்பெண் தானாக ஏறிவிடும் என்று நம்பினேன். 1600-க்கு முதல் வாரம் 1210. அடுத்து 1230, பிறகு 1200. நான்காவதும் ஐந்தாவதும் அதே அக்கம்பக்கம். ஒவ்வொரு முறையும் மதிப்பெண்ணைப் பார்ப்பேன், மனம் வாடும், மூடி வைத்துவிடுவேன். இந்தத் தேர்வை எழுதும் புளூபுக் செயலியில் இலவசமாக இருக்கும் அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வுகள் சிலவே. அவற்றைப் பாதிக்கு மேல் இப்படியே தீர்த்துவிட்டேன்.

ஆறாவது வாரம் புதிதாக எதையும் எழுதாமல், பழைய தவறுகளை மட்டும் ஒரு நோட்டில் எடுத்து எழுதினேன். சரியான விடையை அல்ல, 'நான் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன்' என்பதை. இரண்டே நாளில் என் குட்டு வெளிப்பட்டது. கணிதத்தில் எனக்குத் தெரியாத பாடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எக்ஸின் மதிப்பைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதையே குறித்திருக்கிறேன், கேட்டதோ எக்ஸின் இரு மடங்கு. அந்தத் தவறான எண்ணும் விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும், பாவிகள்! வாசிப்பில் வேறு வியாதி. பொதுவாக உண்மையாகத் தோன்றும் விடையை எடுத்திருக்கிறேன், பத்தியில் அப்படி ஒரு வரியே இருக்காது. இலக்கணத்தில் முக்கால்வாசித் தவறு செமிகோலனும் காற்புள்ளியும். அதற்கு இரண்டு மாலைப் படிப்பு போதுமானதாக இருந்தது. ஐந்து வாரமாக மதிப்பெண்ணைத் தின்றுகொண்டிருந்தது அதுதான்.

பத்து நாள் கழித்து அதே கேள்விகளை விடை பார்க்காமல் மறுபடி போட்டேன். மறுபடியும் தவறியவைதான் நிஜமான பலவீனம், நேரத்தை அங்கே போட்டேன்.

தேர்வின் அமைப்பையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2 மணி 14 நிமிடம். வாசிப்பும் எழுத்தும் 54 கேள்வி, 64 நிமிடம். கணிதம் 44 கேள்வி, 70 நிமிடம். ஒவ்வொன்றும் இரண்டு பாதி. முதல் பாதியை எப்படிச் செய்தீர்கள் என்று பார்த்துத்தான் இரண்டாம் பாதி கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதான பாதி வந்தால் நிம்மதியாக இருக்கும், ஆனால் உச்ச மதிப்பெண் கைக்கு எட்டாது. அதனால் முதல் பாதியில் அவசரம் வேண்டாம். 'இது சுலபம்' என்று தோன்றும் கேள்வியில்தான் நான் அதிகம் வழுக்கினேன்.

தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதை 2016-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள். அந்த ஆண்டு மாற்றத்தோடு அரிய ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்யும் அவசியமும் போய்விட்டது. யாரோ கொடுத்த பழைய சொற்பட்டியலோடு நான் ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். அதில் ஒரு சொல்கூடத் தேர்வில் என் கண்ணில் படவில்லை.

கணிதப் பகுதி முழுவதும் திரையிலேயே டெஸ்மாஸ் என்ற, வரைபடம் போடும் கால்குலேட்டர் கிடைக்கும். இரண்டு சமன்பாடுகளை அதில் தட்டினால் கோடுகள் வெட்டும் இடம் கண்ணுக்குத் தெரியும், அதுதான் விடை. இதைத் தேர்வன்று கற்றுக்கொள்ள முடியாது, இன்றே பழகுங்கள்.

பயிற்சி வகுப்பு? தானாக உட்கார்ந்து படிக்க வராது, யாராவது அதட்ட வேண்டும் என்றால் போங்கள். பாடம் மட்டும்தான் வேண்டும் என்றால் கான் அகாடமி இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. எப்படியானாலும் தவறுகளுக்கான நோட்டை நீங்கள்தான் எழுத வேண்டும், அதை யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

கடைசியில் எனக்கு 1390 வந்தது. கணிதத்தில் 750, மற்றதில் 640. நிஜத் தேர்வில் எந்தக் கேள்வி தவறு என்று தேர்வை நடத்துபவர்கள் காட்டுவதில்லை. செமிகோலனில் ஒன்றுகூடத் தவறவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.