மூன்றாவது விளக்கு யாருக்கு?

கேள்வி: எனக்கு 21 வயது. கல்யாணப் பேச்சில் குடி (தாய்வழிக் குலம்) பற்றிய கதை வந்தபோது, பெரியம்மா கோபத்தில் என்னை "தண்ணிக்குள்ள எடுத்த பிள்ளை" என்று சொல்லிவிட்டார். அம்மா அழுதார், ஒன்றும் சொல்லவில்லை. சுனாமி நேரம் நான் கைக்குழந்தை. (வருடாவருடம் டிசம்பர் 26 அன்று அம்மா பாண்டிருப்புக் கடற்கரையில் மூன்று விளக்கு ஏற்றுவார். எங்கள் வீட்டில் போனது அப்பாவும் அண்ணனும்தான். நான் ஆட்டோவிலேயே இருந்துவிடுவேன்.) அம்மாவுக்குத் தெரியாமல் டிஎன்ஏ பரிசோதனை செய்யலாமா? யாருடைய மனமும் நோகக் கூடாது.
– கல்முனை வாசகி

பதில்: மகள், பெரியம்மாவின் பேச்சையும் அம்மாவின் அழுகையையும் விரிவாக எழுதிவிட்டு, அந்த விளக்கை மட்டும் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டாய். போனது இரண்டு பேர், விளக்கு மூன்று. எண்ணத் தெரிந்த உனக்கு, ஆட்டோவை விட்டு இறங்கி "இது யாருக்கம்மா?" என்று கேட்க இத்தனை வருடம் ஏன் வாய் வரவில்லை? கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்கிறாய், ஊரே பார்க்க ஏற்றிய விளக்கில் என்ன ஒளிப்பு?

யாரும் நோகாத உண்மை இந்தக் கரையில் கிடையாது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் அன்று 10,000 பேருக்கு மேல் போனார்கள், இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு பறிகொடுக்கவில்லை. தாயை இழந்த பிள்ளையும் பிள்ளையை இழந்த தாயும் ஒரே முகாமில் கிடந்த காலம் அது. அந்த விளக்கு உன்னைப் பெற்றவளுக்கு என்றுதான் எனக்கும் படுகிறது, ஆனால் அது ஊகம். பிறக்காமலே போன ஒரு பிள்ளைக்காகவும் இருக்கலாம். ஏற்றியவர் வாயால் வரும்வரை நீயும் நானும் முடிவு கட்டக் கூடாது.

பரிசோதனை என்ன சொல்லும்? அம்மா உன்னைப் பெற்றவரா இல்லையா என்று மட்டும். 2005இல் உங்கள் கல்முனையிலேயே ஒரு குழந்தையின் வழக்கை டிஎன்ஏ தீர்த்தது, ஒப்பிட்டுப் பார்க்கப் பெற்றோர் உயிரோடு வந்து நின்றதால். உனக்கு யாரோடு ஒப்பிடுவது? நீதிமன்றம் மூலம் தத்தெடுத்திருந்தால் அந்தக் கட்டளை பெட்டியில் இருக்கும், இல்லையென்றால் எந்த முகாம், யார் கையில் தந்தார்கள் என்பதெல்லாம் அம்மாவின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, 20 வருடத்துக்கு மேல் சோறூட்டியவர் தூங்கும்போது தலைமயிரைத் திருடி கொழும்புக்கு அனுப்பப் போகிறாயா? வெட்கமாக இல்லையா?

டிசம்பர் வரை காத்திராதே. இந்தக் கிழமையே அம்மாவும் நீயும் மட்டும் இருக்கும் நேரம் பார்த்துக் கேள். அழுவார். நீயும் அழுவாய். எழும்பிப் போகாமல் முழுக்கக் கேட்டு முடி, ஒரே நாளில் முடியாவிட்டால் மறுநாளும் இரு. பெரியம்மாவிடம் துருவப் போகாதே, கோபத்தில் சொன்னவரிடம் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அப்புறம் கல்யாணம். நம் பக்கம் குடி தாய்வழி, ஒரே குடிக்குள் முடிக்கக் கூடாது என்றுதான் கேட்கிறார்கள். வளர்த்தவரின் குடியைச் சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு என்பது என் எண்ணம், அதில் யாரோடும் வாதாடுவேன். ஆனால் வளர்த்தவர் என்பதை மறைத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லாதே. அம்மாவிடம் எல்லாம் கேட்டபிறகு, இருவரும் சேர்ந்தே போய்ச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவர்கள் வேண்டாம் என்றால், வேண்டாம்.