படிக்கத் திணறும் பிள்ளைக்குக் கைபேசி உதவுமா?

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பாடத்தை யாராவது வாசித்துக் காட்டினால் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்கிறான். புத்தகத்தைத் திறந்தால் ஒரு பத்தியைக் கடக்கவே திணறுகிறான். பரிசோதித்தவர்கள் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு என்றார்கள். கைபேசியை வாசிக்கச் செய்து கேட்கவிடலாம் என்கிறார் வகுப்பாசிரியர். அப்படிப் பழக்கினால் படிக்கவே கற்றுக்கொள்ளாமல் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: உங்கள் பயத்தைப் பல தாய்மார்களிடம் கேட்டிருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பது வேறு, அறிவியலையும் வரலாற்றையும் அறிந்துகொள்வது வேறு. முதலாவது கைவரும் வரை இரண்டாவதை நிறுத்தி வைத்தால், புத்திசாலியான பிள்ளை பாடங்களிலும் பின்தங்கி, தன்னை மக்கு என்றே நம்பத் தொடங்கிவிடுவான். ஆகவே பாடம் காது வழியாக வரட்டும். வாசிப்புப் பயிற்சி அதற்கென்று ஒதுக்கிய நேரத்தில் நாள்தோறும் தனியாக நடக்கட்டும்.

அந்தப் பயிற்சியைக் கைபேசியிடம் விட்டுவிட முடியாது. தமிழில் ‘கெ’, ‘கை’ என்று எழுதும்போது உயிர்க்குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. ண, ந, ன என்றும் ல, ள, ழ என்றும் வரும் குழப்பம் வேறு. இவற்றை ஒலி ஒலியாகப் பிரித்து, தொட்டும் எழுதியும் பழக்கச் சிறப்பாசிரியர் வேண்டும். அரசுப் பள்ளி என்றால், ஒன்றிய அளவில் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தில் கேளுங்கள்.

இனி கைபேசி. ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அமைப்புகளில், ஆக்ஸஸிபிலிட்டி என்ற பகுதிக்குள், திரையில் தொட்ட வரிகளைத் தமிழில் வாசிக்கும் வசதி இருக்கிறது. குரலின் வேகத்தைக் குறைத்து, வாசிக்கப்படும் சொல்லின்மேல் அவன் விரல் நகரும்படி உட்கார வையுங்கள். கண்ணும் காதும் சேர்ந்து செல்லும்போது கேட்பதே வாசிப்புக்கும் துணையாகும். பாடக் கோப்பு யூனிகோடு என்ற, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறையில் இல்லாவிட்டால் கைபேசி பொருளற்ற ஒலிகளை எழுப்பும். அப்போது பக்கத்தைப் படமெடுத்து, கூகுள் லென்ஸ் மூலம் எழுத்தாக மாற்றி வாசிக்க வைக்கலாம். ‘கி.மு.’ போன்ற சுருக்கங்களிலும் சூத்திரங்களிலும் இயந்திரக் குரல் தடுமாறக்கூடும் என்பதால், அத்தகைய பக்கங்களை நீங்களே வாசித்துப் பதிவு செய்து கொடுங்கள். என்னைக் கேட்டால், எந்தச் செயலியையும் விட அம்மாவின் குரல் மேலானது. வேண்டிய இடத்தில் நிறுத்தி, நூறு முறை திரும்பக் கேட்டாலும் அது அலுத்துக்கொள்ளாது.

பொதுத்தேர்வை இப்போதே நினைவில் வையுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் இத்தகைய கற்றல் குறைபாடும் ஒன்று. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் உரிய மருத்துவச் சான்றிதழுடன் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்தால், சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைப் பெறலாம். விடையை மனத்துக்குள் கோத்து இன்னொருவர் எழுதும் வேகத்துக்குச் சொல்வது தனித் திறமை, தேர்வறையில் திடீரென்று வந்துவிடாது. ஆகவே வீட்டுப்பாட விடைகளை இப்போதிருந்தே கைபேசியின் குரல்வழித் தட்டச்சில் சொல்லிப் பழகட்டும்.

கேள்வி: எங்கள் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு வந்ததிலிருந்து, ஆட்டிசம் உள்ள மாணவன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறான். அவன் அதிகம் பேசமாட்டான். என்ன செய்வது? (ஆசிரியை, கடலூர்)

பதில்: மற்றவர்களுக்கு உற்சாகமூட்டும் ஒலியும் ஒளியும் அவனுக்கு வலியாகவே இருக்கலாம், அவன் ஓடுவது அடம் அல்ல. ஒலியளவையும் திரையின் வெளிச்சத்தையும் குறையுங்கள், துள்ளும் படங்களைத் தவிருங்கள், போடுவதற்கு முன் அவனிடம் சொல்லுங்கள். அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்தித் திரையின் ஓரத்தில் நிறுத்தி, முடிந்ததை ஒவ்வொன்றாக நீக்கி வாருங்கள். அடுத்து என்ன என்பது கண்ணுக்குத் தெரிந்தால் அவனுடைய பதற்றம் தணியலாம், மற்ற பிள்ளைகளுக்கும் அது பயன்படும். பேச்சுக்கு, டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் சொல்லாக ஒலிக்கும் செயலிகள் உண்டு. சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ தமிழிலும் பேசும். பேச்சுப் பயிற்சியாளரைக் கலந்து அதைத் தொடங்குங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: அந்த டேப்லெட் அவனுடைய வாய். தண்டனையாக அதைப் பிடுங்கி வைக்கக் கூடாது.

கேள்வி: கவனம் சிதறும் என் மகளுக்கு டேப்லெட் வாங்கித் தரலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: எதற்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு பாடச் செயலிக்கு மேல் திறக்க முடியாதபடி திரையைப் பூட்டி, அறிவிப்புகளை அணைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க விட்டால் உதவும். விளையாட்டுகளோடு கொடுப்பதென்றால் இப்போதைக்கு வேண்டாம். பாடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, மேசைமேல் ஒரு மணல் கடிகாரம் வைத்துத் தொடங்குங்கள்.