திசு வால்வு ஏன் கெட்டுப்போகிறது? – கேள்வி பதில்

நீலகிரியில் இதய வால்வு மாற்றிக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை இவை. எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கோத்தகிரி): அப்பாவுக்கு 2013-ல் மாட்டுத் திசு வால்வு வைத்தோம். இப்போது சுருங்கிவிட்டது என்கிறார்கள். பத்தியம் தவறியதாலா?

பதில்: இல்லை தம்பி, அப்பா மேல் பழி போடாதீர்கள். மாட்டின் இதய உறையையோ பன்றியின் வால்வையோ அப்படியே வைத்தால் உடம்பு ஏற்காது. அதனால் குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் ஊறவைப்பார்கள். தோல் பதனிடுவது மாதிரிதான். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் அலன் கார்ப்பென்டியர் 1960-களின் கடைசியில் கொண்டுவந்த வழி இது. திசு உறுதியாகும், ஆனால் அதில் உயிரணு (செல்) பிழைக்காது. நம் சொந்த வால்வில் தேய்ந்த நார்களை உயிரணுக்கள் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். இதில் தேய்ந்தது தேய்ந்ததுதான். நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் தடவை திறந்து மூட வேண்டுமே!

அப்புறம் சுண்ணாம்பு. உயிருள்ள செல் கால்சியத்தை வெளியே தள்ளும். செத்த செல்லால் அது முடியாது. உள்ளே வரும் கால்சியம் அங்கிருக்கும் பாஸ்பரஸோடு சேர்ந்து படிகமாகிவிடும். மீந்திருக்கும் ரசாயனமும் கால்சியத்தை இழுக்கும். படிவது பெரும்பாலும், திறந்து மூடும் வால்வு இதழ் மடங்கும் இடத்தில். எக்கோவில் நல்ல இதழ் மெல்லிய கோடாகத் துள்ளும். சுண்ணாம்பேறியது தடித்து, பளிச்சென்று வெளுத்து, பாதிதான் திறக்கும். சிலருக்கு அந்த மடிப்பிலேயே கிழிந்து ரத்தம் பின்னால் கசியும்.

கேள்வி (ஊட்டி): அப்படியானால் பால், ராகியை நிறுத்திவிடவா?

பதில்: வேண்டாம் அம்மா. நீங்கள் சாப்பிடாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கால்சியம் மாத்திரை மட்டும் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். ஊட்டிக் குளிரால் வால்வு கெடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கெடாது.

கேள்வி (கூடலூர்): தங்கைக்கு 24 வயது. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேல், கீழ் அறைகளுக்கு நடுவில் இருப்பது) போய்விட்டது. திசு வால்வா, உலோக வால்வா?

பதில்: கஷ்டமான கேள்வி. இளவயதில் திசு வால்வில் சுண்ணாம்பு வேகமாக ஏறும். மைட்ரல் இடத்தில் மூடும்போது அழுத்தமும் அதிகம். 70 வயதில் வைத்தவருக்கு 15 வருடம் ஓடக்கூடியது, இவளுக்கு 10 வருடத்துக்குள்ளேயே மறு ஆபரேஷனில் கொண்டுவிடலாம். உலோக வால்வு நெடுநாள் உழைக்கும். திருவனந்தபுரத்தில் உருவாகி 1990 முதல் பொருத்தப்படும் சித்ரா வால்வு அந்த வகை. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரையும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் வேண்டும். கர்ப்பத்தில் அந்த மாத்திரை குழந்தையைப் பாதிக்கலாம். குழந்தை வேண்டும் என்று நினைத்தால், இரண்டாவது ஆபரேஷன் வரும் என்று தெரிந்தே திசு வால்வை எடுப்பது தப்பில்லை. முதலில், இருக்கும் வால்வையே சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். முடிவை அவளே எடுக்கட்டும். ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்கப் போடும் பெனிசிலின் ஊசியை மட்டும் தவறவிடாதீர்கள்.

கேள்வி (குன்னூர், தேயிலைத் தோட்டம்): நன்றாகத்தானே இருக்கிறேன், வருஷா வருஷம் எக்கோ எதற்கு?

பதில்: அக்கா, மேடு ஏறினால் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று மலைக்காரர்கள் நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு இதுதான் பெரிய கவலை. போன வருஷம் நிற்காமல் ஏறிய மேட்டில் இந்த வருஷம் நடுவில் நிற்க வேண்டியிருந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, கால் வீங்கினாலோ உடனே வாருங்கள். வால்வு வைத்த புதிதில் எடுத்த எக்கோ ரிப்போர்ட்டையும் கொண்டுவாருங்கள். அதோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும். சில நேரம் இதழில் ரத்தக்கட்டிதான் ஒட்டியிருக்கும், அது மருந்திலேயே கரையலாம். சுண்ணாம்பாகவே இருந்தாலும், முன்கூட்டியே தெரிந்தால் சிலருக்கு நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே பழைய வால்வுக்குள் புதியதைப் பொருத்திவிடுகிறார்கள்.