க்ரூஸர் பைக்கில் கால் எங்கே இருக்கணும்? கேளுங்க, சொல்றேன்

நாகர்கோவில்ல பைக் ஒர்க்‌ஷாப் நடத்துறேன். க்ரூஸர்னா தாழ்வான சீட்ல உக்காந்து, காலை முன்னால வச்சு ஓட்டுற வண்டி. ஃபுட்ரெஸ்ட், கியர் லிவர், பிரேக் பெடல், இந்த மூணைப் பத்தி மட்டும் கேளுங்க. மைலேஜும் லோனும் என்கிட்ட வேண்டாம்.

தக்கலை: அண்ணே, ராயல் என்ஃபீல்ட் மீட்டியோர் 350 க்ரூஸர் எடுத்திருக்கேன். உயரம் அஞ்சடி நாலு. திருநெல்வேலி போயிட்டு வந்தா இடுப்புக்குக் கீழ உயிர் போகுது. ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால தள்ளலாமா?

அவசரப்படாதீங்க. கால் உடம்புக்கு நேர் கீழ இருந்தா, பள்ளம் வர்றப்போ தொடையில எடையைத் தாங்கி லேசா எழும்பிக்கலாம். கால் முன்னால போயிட்டா அது நடக்காது. எடை மொத்தமும் வால் எலும்புல இறங்கும், இடுப்பு பின்னால சரியும், முதுகு வளையும், ஒவ்வொரு குத்தும் அந்த வளைவுலதான் வாங்கும். க்ரூஸர்ல இது கூடவே பிறந்தது.

உங்க உயரத்துக்கு 765 மில்லிமீட்டர் சீட் ஒரு பிரச்சினையே இல்ல. எட்டுறதுதான் பிரச்சினை. காலும் கையும் எட்டணும்னு சீட்ல முன்னால வழுக்கி உக்காருவீங்க, முதுகு இன்னும் வளையும். அதனால முதல்ல ஹேண்டில்பார் கிளாம்பைத் தளர்த்தி, பாரை உங்க பக்கம் கொஞ்சம் சுழற்றுங்க. ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடலைன்னு பாத்துக்கோங்க. அப்புறம் இடுப்பைத் தாங்குற மாதிரி ஓட்டுறவருக்கு ஒரு பேக்ரெஸ்ட். கடைசியா, பாதம் இயல்பா இருக்கிற இடத்துக்குப் பிரேக் பெடல் உயரத்தை செட் பண்ணுங்க.

பெடலைத் தொட்டா பின் பிரேக் லைட் ஸ்விட்ச்சையும் திரும்ப செட் பண்ணணும். இல்லேன்னா நீங்க பிரேக் பிடிக்கிறது பின்னால வர்ற பஸ்காரருக்குத் தெரியாது. இன்னைக்கு இதை நிறைய தடவை சொல்லுவேன்.

குளச்சல்: வேட்டி கட்டிட்டு க்ரூஸர் ஓட்டலாமா?

காலை முன்னால நீட்டி, எதிர்க்காத்துல, வேட்டியோடயா? பேண்ட் போடுங்க.

மார்த்தாண்டம்: முன்னால இருக்கிற கிராஷ் கார்டுல ஹைவே பெக், அதான் காலை நீட்டி வைக்கிற கட்டை, மாட்டியிருக்கேன். காலை நீட்டிக்கிட்டா சுகமா இருக்கு. தப்பா?

ஆளில்லாத ரோட்டுல கொஞ்ச நேரம் நீட்டிக்கலாம். உங்க ஊர்ல அப்படி ரோடு எங்க இருக்கு? மணிக்கு 60 கிலோமீட்டர்ல போனா ஒரு வினாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல ஓடும். பெக்ல இருந்து பெடலுக்குக் கால் வர அரை வினாடி பிந்தினாலே எட்டு மீட்டர் போச்சு. மேம்பாலம் இறங்குற இடத்துல அந்த எட்டு மீட்டருக்குள்ள ஒரு ஆட்டோ நிக்கும்.

திருவட்டாறு: அண்ணே, பிரேக் பெடல் ரொம்ப மேல நிக்குது, கணுக்கால் வலிக்குது.

தக்கலைக்காரருக்குச் சொன்னதைப் படிங்க. ஸ்விட்ச்!

ஆரல்வாய்மொழி: ஆடிக் காத்துல முப்பந்தல் தாண்டுறப்போ வண்டி லேன் மாறிப் போகுது. கால் முன்னால இருக்கிறதாலயா?

நல்ல கேள்வி. நேரடியா இல்ல, சுத்தி வளைச்சு ஆமா. கால் முன்னால இருந்தா முட்டியால டேங்கைப் பிடிக்க முடியாது. நெஞ்சுல அடிக்கிற காத்துக்கு உடம்பு பின்னால போகும், அதைத் தாங்க ஹேண்டில்பாரைப் பிடிச்சுத் தொங்குவீங்க. பக்கக்காத்து உங்க உடம்பை ஆட்டினா அந்த ஆட்டம் கை வழியா நேரா முன் சக்கரத்துக்குப் போயிரும்.

அஞ்சுகிராமம்: ஒத்துக்க மாட்டேன். என் சூப்பர் மீட்டியோர் 650 வண்டி 241 கிலோ. கால் முன்னாலதான் இருக்கு, அசையாது. எல்லாம் வெயிட்தான்.

வெயிட் உதவும், மறுக்கல. ஆனா லாரியை ஓவர்டேக் பண்ணி வெளிய வர்றப்போ, அது மறைச்சிருந்த காத்து ஒரே அடியா அடிக்குமே, அப்ப உங்க கை எப்படி இருக்குன்னு கவனிச்சிருக்கீங்களா?

தோவாளை: அவரு சும்மா சொல்றாரு. போன ஆடியில அவருக்குப் பின்னாலதான் வந்தேன். வண்டி ஆடத்தான் செஞ்சுது.

அஞ்சுகிராமம்: நீங்க கண்டீங்களாக்கும்!

ரெண்டு பேரும் நிறுத்துங்க. காத்து எந்தப் பக்கம் இருந்து தள்ளுதோ, அந்தப் பக்க ஹேண்டிலை லேசா முன்னால தள்ளுங்க, வண்டி காத்துக்குள்ள சாயும். கையை இறுக்காதீங்க. வேகத்தைக் குறைங்க. இது மூணும் 350-க்கும் 650-க்கும் பொது.

களியக்காவிளை: ஆன்லைன்ல ஃபார்வர்ட் கண்ட்ரோல் கிட் விக்குது. என் சாதா வண்டிக்கு மாட்டித் தருவீங்களா?

மாட்டேன். பெடலை முன்னால கொண்டுபோனா நடுவுல நீளமா ஒரு ராடு வரும். அது வளைஞ்சாலோ, ஜாயின்ட்ல ஆட்டம் இருந்தாலோ, நீங்க மிதிக்கிறது, பிரேக் ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டருக்கு முழுசா போய்ச் சேராது. சரி, ராடை இறுக்கிடலாம்னு ஃப்ரீ ப்ளே, அதாவது பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னால பெடல்ல இருக்கிற சின்ன ஆட்டம், அது இல்லாம பண்ணுவாங்க. காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கைத் தேய்ச்சிட்டே இருக்கும், சூடேறும், கடைசியில சக்கரம் பிடிச்சுக்கும். ஃபிரேம்ல வெல்டிங் வச்சு பிராக்கெட் ஒட்டுறவங்களும் உண்டு. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 182ஏ-ல 5,000 ரூபாய் அபராதம் இருக்கு, ஆறு மாசம் வரை சிறையும் வரலாம். நீங்க பார்டர்ல இருக்கீங்க. கேரளாவுல இதுல எவ்வளவு கறாருன்னு உங்களுக்கே தெரியும்.

இரணியல்: அண்ணே, உயரம் அஞ்சடி மூணு. மீட்டியோர்ல முதுகு வலி...

மேல படிங்க தம்பி.

கொட்டாரம்: அப்பாவோட பழைய புல்லட் இருக்கு, வலது கால் கியர். இடது பக்கம் மாத்தலாமா?

ஐயோ, மாத்தாதீங்க! பின் பிரேக் இடப்பக்கம் இருக்கு, அதையும் குறுக்கு ஷாஃப்ட் போட்டு வலப்பக்கம் கொண்டுவரணும். எத்தனை ஜாயின்ட் சேருதோ அத்தனை ஆட்டம். அந்த கியர்பாக்ஸ் பழகிட்டா அருமையான சாமான். முதல் கியர் மேல, மத்த மூணும் கீழ. பக்கத்துல ஒரு குட்டி லிவர் இருக்கே, நியூட்ரல் ஃபைண்டர். கிளட்ச்சைப் பிடிச்சு அதை ஒரு மிதி மிதிச்சா, முதல் கியர் தவிர எதுல இருந்தாலும் நியூட்ரல். இந்த வசதி புது வண்டியில ஏது?

வீட்டுல புது வண்டியும் இருந்தா ஒண்ணு மட்டும் கவனம். திடீர்னு மாடு குறுக்க வந்தா பழகின கால்தான் மிதிக்கும். புல்லட்ல வலது காலை மிதிச்சா கியர்தான் மாறும், வண்டி நிக்காது. வண்டி மாத்தி எடுக்கிற அன்னைக்கு, கிளம்புறதுக்கு முன்னால தெருவுலயே நாலு தடவை பிரேக் பிடிச்சுப் பழகிட்டுப் போங்க.

ஆளூர்: பிரேக் லைட் அணையவே மாட்டேங்குது அண்ணே. நேத்துதான் பெடலை ஏத்தி வச்சேன்.

இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்ல.

குலசேகரம்: பேச்சிப்பாறை ரோட்டு வளைவுல சாய்ச்சா ஃபுட்ரெஸ்ட் தரையில உரசுது. அடியில நீட்டிட்டு இருக்கிற போல்ட்டைக் கழற்றிடலாமா?

கழற்றாதீங்க. க்ரூஸர்ல ஃபுட்ரெஸ்ட் தாழ்வா, அகலமா இருக்கும். கால் நேர் கீழ இருக்கிற சாதா நேக்கட் வண்டி மாதிரி சாய்க்க முடியாது. அந்த போல்ட் முதல்ல உரசி, “இதுக்கு மேல சாய்க்காதே”ன்னு சொல்றதுக்குத்தான் இருக்கு. ஃபுட்ரெஸ்ட் மடங்குற வரைக்கும் பரவாயில்ல. அதையும் தாண்டினா சைலன்சரோ ஃபிரேமோ தரையைத் தொட்டு டயரைத் தூக்கிடும். வளைவுக்கு முன்னாலயே வேகத்தைக் குறைங்க. போல்ட் தேஞ்சு போச்சுன்னா வேற போடுங்க.